பழைய லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்)? முதலில் மெஷினை அளந்து பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். 2011-இல் தொடங்கி முதல் சில ஆண்டுகளில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இந்தக் கணக்கில் வராது. அதற்காக அவற்றை ஆக்கர் கடைக்கு (பழைய பொருள் வாங்கும் கடை) தூக்க வேண்டாம். குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றவும் வேண்டாம். அப்படி ஏற்றிய மெஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், முதலில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போதும். எந்த ஓஎஸ்ஸும் தராத வேகத்தை அது தரும். ரேம் வாங்கும்போது கவனம்: நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3-யும் ஸ்லாட்டில் சரியாக உட்காரும், ஆனால் பெரும்பாலும் டிஸ்பிளே வராது.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற குமரிக் கடலோர ஊர்களின் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்று பட்டு ரேமின் தங்கநிறப் பட்டைகள் மங்கிப்போகும். மெஷின் ஹேங் ஆகும், நீலத்திரை வரும், பழி ஓஎஸ் மேல் விழும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் பட்டைகளைத் துடையுங்கள். ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும்.

இனி ஓஎஸ். 64 பிட் பிராசசரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலான இலவச ஓஎஸ், லினக்ஸ் மின்ட் 22; அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி என்றால் மின்ட்டின் முழு வசதியுள்ள சினமன் பதிப்பே ஓடும். 2 ஜிபிக்கு லுபுண்டு, 32 பிட் பிராசசருக்கு ஆன்டிஎக்ஸ்; இரண்டும் இலகுவான லினக்ஸ் வகைகள். ஆனால் எதைப் போட்டாலும் பிரவுசர் தின்னும் ரேம் குறையாது. 2 ஜிபியில் இரண்டு டேப்புக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

டாலி, பேஜ்மேக்கர், ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றில்தான் பிழைப்பு என்றால் லினக்ஸுக்கு மாறாதீர்கள். கேனன் எல்பிபி 2900 பிரிண்டரும் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். தமிழ் தட்டச்சுக்குக் கவலை இல்லை, தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் அடிப்பவர்களுக்கு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்ட் கோப்பு சுமார் 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, மெஷினை ஆன் செய்ததும் டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தி பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே வைஃபை, ஒலி, பிரிண்டர், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாம் பாருங்கள். பிராட்காம் வைஃபை சில மாடல்களில் எடுக்காது. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போன் நெட்டைப் பகிர்வது) போட்டு வைஃபை டிரைவரை இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்கே தெரியாவிட்டால் பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க் முறையை ரெய்டு என்பதிலிருந்து ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். அப்போது பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். எனவே போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்துவிட்டுத்தான் பயாஸுக்குள் கை வைக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தால் டி டிரைவும் சேர்ந்தே போகும்.

பேட்டரி செத்த மெஷினா? ஐப்பசி இடிமழை மாலையில் தொடங்காதீர்கள். பார்ட்டிஷன் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இன்வர்ட்டர் உள்ள வீட்டில், காலையில் உட்காருங்கள்.