காட்டேஜில் தங்கும்போது கங்குச் சட்டியை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்

கொடைக்கானல் மலையில் இன்னொரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறி, கோழி எல்லாம் வாங்கிக்கொண்டு, மேல்மலைப் பக்கம் வாடகைக்கு எடுத்த காட்டேஜுக்குப் போயிருக்கிறார்கள். முற்றத்தில் கோழியைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, குளிர் தாங்கவில்லை என்று மிச்சக் கங்கோடு அடுப்பைப் படுக்கையறைக்குள் தூக்கிவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். விடியற்காலையில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் வாந்தி, மண்டையைப் பிளக்கும் தலைவலி. "ராத்திரி சாப்பிட்ட கோழி சரியில்லை டாக்டர்" என்றுதான் வந்தார்கள். பக்கத்து அறையில் தூங்கிய சித்தப்பாவும் அதே கோழியைத்தான் சாப்பிட்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே இல்லை. காரணம் கோழி இல்லை, கங்கிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு.

அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இதே மலையில் கங்கு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "புகையே வரலையே டாக்டர், வெறும் கங்குதானே?" தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். புகை வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், நீங்களே எழுந்து வெளியே ஓடிவிடுவீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையில் ஒரு கரகரப்புகூட வராது. சுடர் அடங்கி, புகை நின்று, கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும்போதுதான் அது ஏராளமாக வெளியேறுகிறது. அதாவது, "இனி பயமில்லை" என்று நீங்கள் உள்ளே தூக்கிவரும் நேரம்தான் மிக மோசமான நேரம். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் விஷக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள். இழுக்காது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தோம் என்பார்கள். போதாது. அறை பெரிது என்பார்கள். ராத்திரியும் பெரிதுதானே! இந்த வாயு ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், காற்றில் கொஞ்சம் இருந்தாலே போதும். தூங்குகிறவருக்குத் தலைவலி தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஏறும். கர்ப்பிணி ஓரளவு தெளிவாக இருந்தாலும் வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

இன்னொன்று. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு "99 காட்டுது, நல்லாத்தான் இருக்கோம்" என்று அறையிலேயே படுத்திருந்தவர்களும் உண்டு. அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். இந்த விஷம் ஏறினால் உடம்பு சிவந்துவிடும் என்று எங்கள் பாடப்புத்தகத்திலும் படித்தோம். உயிரோடு வருகிறவர்களிடம் அந்த நிறத்தைப் பார்ப்பது அபூர்வம். ரத்தத்தில் இதை அளக்கும் வசதி எல்லாச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ஆகவே நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது: "அறைக்குள் கரி வைத்திருந்தோம்." வெட்கப்பட்டோ பயந்தோ இதை மறைக்காதீர்கள்.

கரியோடு முடிந்துவிடவில்லை. குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசரும் இதே வேலையைச் செய்யும். பழைய பங்களாக்களில் உள்ள கணப்பு அழகாக இருக்கும். வருஷக்கணக்கில் சுத்தம் செய்யாத புகைபோக்கியில் குருவி கூடு கட்டியிருந்தால் எல்லாம் அறைக்குள்தான் திரும்பும். மழையில் கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில், அதுவும் ஜன்னலுக்கு நேராக வைத்து ஓட்டும் இடங்களும் இருக்கின்றன.

2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் வேண்டும் என்பதை எல்லோரும் ஞாபகமாகப் பார்த்து எடுக்கிறீர்கள். காட்டேஜ்காரரிடமும் சில கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் அனுப்புங்கள். கீசர் கரண்டா, கேஸா? கேஸ் என்றால் எங்கே மாட்டியிருக்கிறது? ஆளுக்கு எத்தனை கம்பளி தருவார்கள்? "கம்பளி குறைவுதான், கரிச்சட்டி தருகிறோம்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். கோழி சுடுவதெல்லாம் தாராளமாகச் சுடுங்கள், திறந்தவெளியில். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூடு ஆறும்வரை இருந்து பார்த்துவிட்டுச் சட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஸ்வெட்டர், குல்லா, காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். காட்டேஜ் நடத்துகிறவர்கள் அறைக்கு ஒன்று மாட்டுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓட்டுநரையும் மறந்துவிடாதீர்கள். அவருக்கு அறை இல்லாத காட்டேஜ்கள் நிறைய. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவார். அவருக்கும் ஒரு படுக்கையும் கம்பளியும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஓர் அறையில் தூங்கிய எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் காரணத்தை யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவருக்காக உள்ளே போகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு முதலில் கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். வெளிக்காற்றில் தலைவலி குறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்தில் உள்ள விஷம் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

வீடு திரும்பிச் சில நாள் கழித்தோ, சில வாரம் கழித்தோகூட மறதி, நடையில் தடுமாற்றம், குணத்தில் மாற்றம் வரலாம். வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அன்று அறைக்குள் கங்கு இருந்ததை அவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.