இடைகழி நீர்க்கால்: 'வெஸ்டிபுலர் அக்விடக்ட்' சொல் விளக்கம்

பிறவியிலேயே, அல்லது மழலைப் பருவத்தில், கேட்புத் திறன் குறைந்த பிள்ளைக்குக் காதெலும்பு சிடி ஸ்கேன் எடுத்தால், அறிக்கையில் அடிக்கடி வரும் சொற்றொடர் 'என்லார்ஜ்டு வெஸ்டிபுலர் அக்விடக்ட்'. சுருக்கமாக 'ஈவிஏ', பழைய அறிக்கைகளில் 'எல்விஏ'. இத்தகைய பிள்ளைகளின் ஸ்கேன்களில் உட்செவி அமைப்பில் காணப்படும் மாறுபாடுகளில் இதுவே மிகுதி. பெற்றோர் பலர் இதைக் 'காதுக்குள் நீர் கோத்திருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. நீர் கோப்பது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியில். தானாகவோ சிறு அறுவையாலோ சரியாகக்கூடியது. இங்கே பேச்சு எலும்புக்குள் ஓடும் ஒரு குழலின் அகலத்தைப் பற்றியது.

அந்தக் குழல் ஏறத்தாழ 10 மி.மீ. நீளம். உட்செவியின் நடு அறையான 'வெஸ்டிபுலி'லிருந்து புறப்பட்டு, வளைந்து, மூளையைப் பார்த்திருக்கும் எலும்புப் பக்கத்தில் திறக்கிறது. அதனுள்ளே மெல்லிய சவ்வாலான இன்னொரு குழாய் உண்டு. அதன் முனை மூளையுறைக்கு அருகில் ஒரு சிறு பையாக முடிகிறது. எலும்புக் குழலைச் சிடி காட்டும். உள்ளிருக்கும் நீரையும் பையையும் எம்ஆர்ஐ காட்டும்.

பெயரின் இரு பாதிகளும் லத்தீன். 'வெஸ்டிபுலும்' என்பது ரோமானியர் வீட்டில் தெருவுக்கும் கதவுக்கும் நடுவே விட்ட இடம். 'அக்வா' நீர், 'டக்டுஸ்' செலுத்துகை. இரண்டும் சேர்ந்தால் நீரைக் கொண்டுபோகும் கால்வாய். இப்பெயரை உட்செவிக்கு நிலைநாட்டியவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர உடற்கூற்றியலாளர் டொமெனிக்கோ கொட்டுன்யோ, 1760-களில். அரிஸ்டாட்டில் காலந்தொட்டு, உட்செவிக்குள் பிறவியிலேயே அடைபட்ட காற்று இருக்கிறது, ஒலியை அதுதான் ஏற்கிறது என்று நம்பிவந்தார்கள். கொட்டுன்யோ அங்கே இருப்பது நீர் என்று காட்டினார். நீர் இருந்தால் அதற்குப் போக்கிடம் வேண்டுமல்லவா? அவர் இரண்டு கால்வாய்களைச் சுட்டினார்: ஒன்று நடு அறையினுடையது, மற்றொன்று நத்தைக்கூட்டினுடையது (ஒலியை உணரும் சுருள் உறுப்பான 'காக்ளியா'). ஆக இந்தப் பெயர் ஒரு வாதத்தின் பகுதியாகப் பிறந்தது. அவருக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபலோப்பியோ முக நரம்பு செல்லும் எலும்புக் குழலையும் 'அக்விடக்ட்' என்றே அழைத்தார். அதில் நீர் இல்லை, வடிவ ஒப்புமை மட்டும்தான். அறிக்கை படிப்பவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கால்வாய் அகன்றிருப்பதை முதலில் விவரித்தவர் இத்தாலியின் பொலோஞ்ஞா நகர உடற்கூற்றியலாளர் கார்லோ மொண்டீனி. காது கேளாமல் பிறந்து, எட்டு வயதில் இறந்த ஒரு சிறுவனின் காதெலும்பை அறுத்துப் பார்த்து, 1791-இல் அந்நகரின் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தார். இரண்டரைச் சுற்று இருக்க வேண்டிய நத்தைக்கூட்டில் ஒன்றரைச் சுற்றே இருந்தது. நடு அறையும் கால்வாயும் பெருத்திருந்தன. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது மொண்டீனி வகை. இன்று உட்செவிக் குறை எதைக் கண்டாலும் 'மொண்டீனி' என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. அது சரியன்று.

கால்வாய் அகலத்தைத் தனியாகப் பிரித்து, கேட்புக் குறைவோடு இணைத்துப் பெயரிட்டவர்கள் வால்வஸோரி, கிளெமிஸ் என்ற இரு மருத்துவர்கள், 1978-இல். கால்வாயின் நடுப்பகுதி 1.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் அகன்றது என்றார்கள். பின்னால் வந்த சின்சினாட்டி அளவுகோல் இன்னும் தளர்வானது: நடுவில் 1 மி.மீ., அல்லது கால்வாய் திறக்கும் வாயில் 2 மி.மீ. இருந்தாலே போதும். ஒரே காது ஒரு கோலின்படி இயல்பு, மற்றொன்றின்படி அகலம் என்று வரலாம். அதனால் அறிக்கையில் சொல்லோடு அளவும் இருக்க வேண்டும், எந்த இடத்தில் அளந்தது என்பதும் இருக்க வேண்டும்.

இனித் தமிழ்ச் சொல். முன்கூடம், முன்றில் என்று பெயர்க்கலாம். ஆனால் இரண்டும் வீட்டின் முன்பக்கத்தை மட்டும் சொல்கின்றன. உட்செவியின் இந்த அறை முன்னால் நிற்கவில்லை. நத்தைக்கூட்டுக்கும் அரைவட்டக் குழல்களுக்கும் நடுவே இருக்கிறது. இதற்குத் தமிழில் அப்படியே பொருந்தும் சொல் இடைகழி. வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே கடந்துபோகும் இடம். பேச்சில் மருவி 'ரேழி' ஆனது இதுதான். முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கி நெருக்கியடித்து நின்றது திருக்கோவலூர் இடைகழியில் என்பது மரபு. காதுக்குப் பெயரிட்டவர்கள் அதை ஒரு வீடாகவே பார்த்தார்கள். நீள்வட்டச் சன்னல், வட்டச் சன்னல் என்ற பெயர்களும் அங்கே உண்டு. அந்த வரிசையில் இடைகழி இயல்பாக உட்காருகிறது.

அக்விடக்டுக்கு 'நாளம்' என்று போட எனக்கு உடன்பாடில்லை. 'நாளமில்லாச் சுரப்பி' வழியாக அது 'டக்ட்' என்பதற்கு நிலைத்துவிட்டது. உள்ளே இருக்கும் சவ்வுக் குழாய்க்கு அதை ஒதுக்கி 'உள்நிணநீர் நாளம்' எனலாம். வெளியே இருக்கும் எலும்புக் குழலுக்கு நீர்க்கால். கால் என்றால் வாய்க்கால். பழைய சொல், பிழையின்றிப் பொருந்துகிறது. ஆக, வெஸ்டிபுலர் அக்விடக்ட் என்பது இடைகழி நீர்க்கால். ஈவிஏ என்பது அகன்ற இடைகழி நீர்க்கால்.

இந்த நீர்க்கால் அகன்ற பிள்ளைகளுக்குக் கேட்பு ஒரே சீராக இருப்பதில்லை. படிப்படியாக இறங்கும், திடீரென்று விழும், சில வேளை கொஞ்சம் மீளும். தலையில் பட்ட சிறு அடிக்குப் பின் கேட்பு விழுந்த பிள்ளைகள் பலர். ஆகவே தலையில் அடிபடும் விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இயல்பான உட்செவிக்கு இரண்டு சன்னல்கள். அகன்ற நீர்க்கால் மூன்றாம் சன்னல்போல் செயல்பட்டு ஒலியின் ஆற்றலைக் கசியவிடுகிறது. கேட்புச் சோதனை வரைபடத்தில் இது நடுச்செவிக் கோளாறுபோலத் தோன்றும். செவிப்பறைச் சோதனையோ இயல்பாக இருக்கும். அந்தப் பொருத்தமின்மையைக் கவனிக்காவிட்டால் தேவையில்லாத நடுச்செவி அறுவை வரை போய்விடும்.

அகன்ற கால்வாய் வழியாகப் பையின் நீர் பின்னோக்கிப் பாய்ந்து உட்செவியைக் கெடுக்கிறது என்றொரு கருத்து இருந்தது. அதை நம்பிப் பையை அடைக்கும் அறுவைகளும் நடந்தன. பயனில்லை, சிலருக்குக் கேட்பு மேலும் போனது. 'நீர்க்கால்' என்ற பெயர் பாய்ச்சலை நினைக்கவைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்று பலருக்கும் காரணமாகக் காட்டப்படுவது எஸ்எல்சி26ஏ4 என்ற மரபணு. அதிலிருந்து உருவாகும் பென்ட்ரின் புரதம் உட்செவி நீரின் உப்பு, காரச் சமநிலையைக் காக்கிறது. தைராய்டில் அயோடினையும் கடத்துகிறது. அதனால்தான் சிலருக்குக் காதுக் குறையோடு முன்கழுத்துக் கழலையும் வருகிறது. வான் பென்ட்ரெட் என்ற ஆங்கில மருத்துவர் 1896-இல் இரு சகோதரிகளிடம் கண்டது அதைத்தான். மரபணு அடையாளம் காணப்பட்டது 1997-இல். பொதுவாகத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதுள்ள படி வந்தால்தான் இந்த நோய் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் மணம் இன்றும் நடக்கும் நம் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் உடன்பிறந்தோரையும் சோதிப்பது நல்லது. கேட்பு மிகவும் குறைந்துவிட்டாலும், நத்தைக்கூட்டில் பொருத்தும் காக்ளியர் கருவி இவர்களுக்கு நன்றாகவே பலன் தருகிறது.

கடைசியாக, இந்தப் பெயரோடு சேர்த்து எழுதப்படும் 'சிண்ட்ரோம்'. கால்வாயின் அகலம் படத்தில் தெரியும் தோற்றம் மட்டுமே. கேட்புக் குறைவும் சேர்ந்தால்தான் அது நோய்த்தொகுப்பு. தமிழில் குறிப்பெழுதும் மருத்துவர் 'வலது இடைகழி நீர்க்கால் அகன்றுள்ளது, நடுவில் 1.8 மி.மீ.; நத்தைக்கூட்டின் சுற்றுகள் இயல்பு' என்று எழுதலாம். நோயின் பெயர் அந்த வரியில் வர வேண்டியதில்லை. அது கேட்புச் சோதனையைப் பார்த்த பிறகு முடிவாகும்.