டின்னுக்குள் என்ன இருக்கிறது? கேட்டால் காட்டியாக வேண்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்டிங் பட்டறை. ஜன்னல் ஓரத்தில் பழைய தண்ணீர் பாட்டில், அதில் பாதி அளவு தின்னர். பெரிய டின்னிலிருந்து ஊற்றி வைத்தது. லேபிள் டின்னோடு நின்றுவிட்டது. தாகத்தில் வருகிறவருக்கு அது தண்ணீர்தான்.

அபாயகர ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. கலனின் மேல் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ரசாயனத்தின் ஆபத்து, முதலுதவி எல்லாம் எழுதிய பாதுகாப்புத் தகவல் தாளை நிறுவனம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். பட்டறையில் இதற்குப் பெயர் 'எம்எஸ்டிஎஸ்'. அப்படியே கேளுங்கள், சூப்பர்வைசருக்கு அதுதான் புரியும்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைத் தொழிலாளி நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம் என்பது அதில் வந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது 14-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

தாளில் பொதுவாக 16 பகுதிகள் இருக்கும். முழுவதையும் யாரும் படிப்பதில்லை. 2-இல் ஆபத்து, 4-இல் முதலுதவி. 8-ஐ நிதானமாகப் பாருங்கள்: 'கையுறை அணியவும்' என்று மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, எந்த ரகம் என்று சொல்ல வேண்டும். தின்னரில் கலக்கும் தொலுயீனுக்குச் சாதாரண ரப்பர் கையுறை தாங்காது. 10-இல் எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று இருக்கும். அபார்ட்மென்ட்டில் கழிவறை கழுவும் அக்காக்களுக்கு இதுதான் முக்கியம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

தாள் இல்லையா? லேபிளைப் போட்டோ எடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடுங்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான 'காஸ்' (CAS) எண் இருந்தால் இன்னும் நல்லது. கடைப் பெயர் மாறும், எண் மாறாது. தொலுயீன் என்றால் 108-88-3. ஆனால் தின்னர் ஒரு கலவை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வேறொருவர் தாளை வைத்துச் சமாளிக்க முடியாது.

கேட்டும் தரவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் தரலாம். அதன் தலைமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது.

கண்ணில் தெறித்துவிட்டால் மட்டும் தாளைத் தேடாதீர்கள். முதலில் 15 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். 108-ஐக் கூப்பிடுவதும் தாளைத் தேடி எடுப்பதும் பக்கத்தில் இருப்பவர் வேலை.