ஸ்டெயின்டு கிளாஸ்: கறையா, வண்ணமா?

தேவாலய ஜன்னல்களில் வண்ணத் துண்டுகளால் உருவம் அமைக்கும் ‘ஸ்டெயின்டு கிளாஸ்’ என்பதைக் ‘கறை படிந்த கண்ணாடி’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. துடைக்காமல் விட்ட ஜன்னல் அல்லவா கண்முன் வருகிறது! கறை என்ற சொல்லுக்கும் பெருமை உண்டு. சிவனைக் கறைமிடற்றன் என்று பாடியவர்கள் நாம். ஆனாலும் இன்றைய வழக்கில் கறை என்றால் அழுக்குதான்.

‘ஸ்டெயின்’ என்பதன் வேர் ‘டிங்கெரே’ என்ற லத்தீன் வினை. சாயத்தில் தோய்ப்பது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தேவாலயக் கைவினைஞர்கள் வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடிமேல் பூசிச் சூளையில் சுட்டார்கள். வெள்ளி உள்ளே ஊறி மஞ்சள் நிறம் தந்தது. சாயமேற்றுவது என்றால் பெரும்பாலும் அதுதான். மற்ற நிறங்கள் கண்ணாடி உருகும்போதே கலப்பவை: கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா.

அமெரிக்க மாளிகைகளின் ஜன்னல்களுக்கு ‘ஸ்டெயின்டு’ என்ற பெயர் இன்னும் குறைவாகவே பொருந்தும். பால்போல் ஒளிரும் ஓபல் வகைக் கண்ணாடியை ஜன்னலில் பதிக்க 1880இல் அமெரிக்க ஓவியர் ஜான் லா ஃபார்ஜ் காப்புரிமை பெற்றார். இன்னொரு அமெரிக்கக் கலைஞரான லூயி கம்ஃபர்ட் டிஃபானியின் பட்டறையிலோ, சூடு ஆறுவதற்குள் கண்ணாடியை இழுத்து மடித்துப் புடவைக் கொசுவம்போல் ஆக்கினார்கள். தேவதையின் அங்கி மடிப்பு அப்படி வந்ததுதான். தூரிகை தொட்டது பெரும்பாலும் முகத்தையும் கைகளையும் மட்டுமே. துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய செப்புத்தகடு சுற்றிப் பற்றவைத்ததால் கொடியின் நுனிகூட இழையாக ஓடியது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் டிஃபானி தமக்கெனக் கட்டிய 84 அறை மாளிகை லாரல்டன் ஹால் 1957இல் எரிந்துபோனது. அதன் உணவு அறையில் விஸ்டீரியா பூங்கொத்துகள் தொங்கிய கண்ணாடிகள் தப்பி, இன்று ஃபுளோரிடாவின் வின்டர் பார்க்கில் இருக்கின்றன. அவற்றின் ஊதாவும் நீலமும் மேலே பூசியவை அல்ல, கண்ணாடியிலேயே பிறந்தவை. ஆகவே ‘வண்ணக் கண்ணாடி’ என்ற நம் சொல் ஆங்கிலப் பெயரைவிட உண்மையானது.

அடுத்தது ஜன்னல். அது போர்த்துகீசிய ‘ஜனேலா’. சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில ‘விண்டோ’வும் ‘காற்றின் கண்’ என்ற பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் இந்தக் கண்ணாடிகளில் பல திறக்கவே திறக்காதவை. காற்றின் பெயர் இவற்றுக்கு வேண்டாம். அதே காப்பியத்தில் உள்ள ‘சாளரம்’ போதும்.

வண்ணக்கண்ணாடிச் சாளரம் என்று எழுதுவோம். சுட்டு ஏற்றிய அந்த மஞ்சளை மட்டும் ‘வெள்ளிச் சாயம்’ என்று தனியே சொல்லலாம்.