லெட்டர் கிளப் பேருக்குத்தான் வந்திருக்கு

“சார், லெட்டர் கிளப் பேருக்குத்தான் வந்திருக்கு. எங்க பையன் பேரு அதுல எங்கயும் இல்ல. அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

ஒரு வியாழக்கிழமை ராத்திரி போனில் ஒரு அம்மா கேட்டது. பையன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்குள்ள இந்திய நடனக் குழுவுக்குத் தலைவன். நான் பத்து வருடத்துக்கு மேல் வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு அலுவலகத்தில் இருந்தேன். ‘உங்கள் மேல் புகார், விசாரணை நடக்கப்போகிறது’ என்று சொல்லும் அந்த மாதிரி லெட்டர்களை எழுதி அனுப்புவதுதான் என் வேலை. இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். லெட்டர் வாங்கின பிள்ளைகளோடு விசாரணைக்குப் போய் உட்காருகிறேன். வக்கீல் இல்லை, ஆலோசகர் என்று போட்டுக்கொள்வார்கள்.

“பேரு இல்லன்னா, இன்னும் போடலன்னு அர்த்தம்மா” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இங்கே பல்கலைக்கழகம் இரண்டு தடத்தில் விசாரிக்கும். தனி மாணவன் மேல் ஒன்று, அமைப்பின் மேல் இன்னொன்று. ஃபிரட்டர்னிட்டியோ (ஆண் மாணவர்கள் சேரும் சங்கம், பெரும்பாலும் அதற்கென்று ஒரு வீடும் இருக்கும்), தமிழ் மாணவர் சங்கமோ, கிரிக்கெட் கிளப்போ, அதுவே ஒரு ஆள் மாதிரி குற்றம்சாட்டப்படும், பதில் சொல்லும், தண்டனை வாங்கும். முதலில் அமைப்புக்கு நோட்டீஸ் வரும். அந்த விசாரணையில் உறுப்பினர்கள் சொல்வதை வைத்து யார் யாருக்குத் தனி நோட்டீஸ் என்பது பிறகு முடிவாகும். நம் வீடுகளில் இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பே வருவதில்லை. “கிளப் மேல கேஸ், நமக்கென்ன” என்று பையன் போய் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் பேசிவிட்டு வருவான். இல்லாவிட்டால் பயந்துபோய் பொய் சொல்லிவிட்டு வருவான். இரண்டுமே சிக்கல்தான்.

அந்தக் குழுவில் நடந்தது இது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். புதிதாகத் தேர்வானவர்கள் 14 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தேங்காய் கொடுத்து, அதில் அவரவர் பெயரை மார்க்கரால் எழுதி, ஒரு வாரம் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்புக்கு, சாப்பாட்டுக்கு, பாத்ரூமுக்குக்கூட. இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். தேங்காயை மறந்து வைத்தவர்களை ராத்திரி பதினோரு மணிக்குப் பார்க்கிங் கட்டடத்தின் நாலாவது மாடியில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவது மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ராத்திரி ஒரு பெண் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய ரூம்மேட் ஆன்லைன் படிவத்தில் புகார் கொடுத்தாள்.

“யாரையும் கட்டாயப்படுத்தல அங்கிள், விருப்பப்பட்டுத்தான் பண்ணாங்க” என்றான் பையன். ஹேசிங் வழக்கில் முதலில் செல்லாக்காசாகிற பதில் இதுதான். ராகிங் நமக்குப் பழகின சொல். கல்லூரிக்குப் புதிதாக வந்த எவனும் சீனியரிடம் மாட்டுவது அது. ஹேசிங் என்பது ஒரு குழுவில் சேர்வதற்கோ அதில் நீடிப்பதற்கோ கொடுக்கிற விலை. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் ஆக்ட் என்ற கூட்டாட்சிச் சட்டம், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டது. அமைப்பு எது என்பதற்கு அது சொல்லும் விளக்கத்தையும் படித்துப் பாருங்கள். உறுப்பினர்களில் இரண்டு பேர் அந்தக் கல்வி நிறுவனத்தின் மாணவர்களாக இருந்தால் போதும். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம்கூட வேண்டாம். “நாங்க ரெஜிஸ்டரே பண்ணல சார்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, நாலு பேர் செய்ததை அமைப்பு செய்ததாக எப்படி முடிவு செய்கிறார்கள்? அலுவலகத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்த்தது: பொறுப்பாளர்களுக்குத் தெரியுமா, அமைப்பின் குரூப்பில் அறிவிப்பு போனதா, எத்தனை உறுப்பினர்கள் இருந்தார்கள், அமைப்பின் காசு செலவானதா, பிறகு மூடி மறைத்தார்களா. நடனக் குழுவின் தரப்பில், “அது சில சீனியர்கள் தனியாகச் செய்தது, குழுவுக்குச் சம்பந்தம் இல்லை” என்றுதான் எழுதிக் கொண்டுபோயிருந்தார்கள். விசாரணை அதிகாரி ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். இந்தியன் ஸ்டோர் ரசீது. 14 தேங்காய். குழுவின் டெபிட் கார்டு. பொருளாளர் பெண் அதைச் செலவுக் கணக்கில் ‘பாண்டிங்’ என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தாள். கணக்கைச் சுத்தமாக வைத்ததற்காக அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

விசாரணைக் குழு இதில் நீதிமன்றத்து அளவுகோலைப் பார்ப்பதில்லை. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதெல்லாம் கிரிமினல் கோர்ட்டில். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், நடந்திருக்க வாய்ப்பு அதிகமா நடக்காதிருக்க வாய்ப்பு அதிகமா என்பதுதான் கேள்வி. தராசு ஒரு முடி அளவு சாய்ந்தால் போதும். துணைக்கு வருகிற ஆலோசகர் பல இடங்களில் வாயே திறக்கக்கூடாது. குறிப்பு எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். வட கரோலினா மாநிலம் முதலில் 2013இல் ஒரு சட்டம் போட்டு, அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவருக்கும் மாணவர் அமைப்புக்கும் வக்கீல் வைத்துக்கொண்டு முழுமையாக வாதாடும் உரிமை கொடுத்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் அந்த வழியில் போயின. அப்படிச் சட்டம் இல்லாத பல இடங்களில் என்னைப் போன்றவர்கள் அழகுக்கு வைத்த பூந்தொட்டி.

ஆனாலும் உரிமையே இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். 1960இல் அலபாமாவில், உணவகத்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்து அமர்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை அரசுக் கல்லூரி விசாரிக்காமலே நீக்கியது. நோட்டீஸும் விசாரணையும் இல்லாமல் நீக்கக்கூடாது என்று 1961இல் டிக்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைப்புகளுக்கு முக்கியமானது 1972ஆம் ஆண்டின் ஹீலி வழக்கு. கனெக்டிகட்டில் ஓர் அரசுக் கல்லூரி, இடதுசாரி மாணவர் அமைப்பு ஒன்றுக்கு அங்கீகாரம் தர மறுத்தது. கொள்கை பிடிக்கவில்லை, கலவரம் வருமோ என்ற பயம் என்பதையெல்லாம் காரணமாக்கி மறுக்கக்கூடாது; ஆனால் வளாகத்தின் நியாயமான விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இவையெல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு. தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால் பெரும்பாலும் அவர்களுடைய கையேடுதான் சட்டப் புத்தகம். அதனால் எந்த லெட்டர் வந்தாலும் நான் முதலில் கேட்பது கையேட்டைத்தான். பையன்கள் பத்தில் ஒன்பது பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வேகம் ஊருக்கு ஊர் மாறும், வழக்குக்கு வழக்கு மாறும். 2015 மார்ச்சில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிரட்டர்னிட்டி உறுப்பினர்கள் பஸ்ஸில் இனவெறிப் பாட்டுப் பாடிய வீடியோ ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் வீடு காலி, இரண்டு மாணவர்கள் நீக்கம். பேச்சுரிமைக்கு இது சரிதானா என்று சட்டப் பேராசிரியர்கள் பிறகு விவாதித்தார்கள். கேமரா இல்லாத புகார்கள் என் மேசையில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கிடந்திருக்கின்றன. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். லெட்டர் மாலை 4.40க்கு வந்தது. குழுவின் செயல்பாடு எல்லாம் உடனே நிறுத்தம், உறுப்பினர்கள் இது சம்பந்தமான எதையும் அழிக்கக்கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அம்மா எனக்குப் போன் செய்தது ஒன்பதரைக்கு. அதற்குள் பையன்கள் குரூப்மீ என்ற அரட்டைச் செயலியில் இருந்த குழுவை மொத்தமாக அழித்துவிட்டார்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

அழிந்துவிட்டது என்று நினைக்கிற எதுவும் அழிவதில்லை. மயங்கி விழுந்த பெண்ணின் போனில் ஸ்க்ரீன்ஷாட்கள் இருந்தன. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில், ஃபிரட்டர்னிட்டியில் சேரும் சடங்கில் குடிக்க வைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்து, ஏறக்குறைய 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடாமல் கிடந்து இறந்தார் 19 வயது டிமதி பியாசா. அந்த வீட்டின் அடித்தளக் கேமராப் பதிவு அழிக்கப்பட்டிருந்தது. எஃப்பிஐ அதை மீட்டெடுத்தது. மேலும் பலர் மேல் வழக்கு வந்தது. பல்கலைக்கழகம் சில வாரங்களிலேயே அந்தக் கிளையை நிரந்தரமாகத் தடை செய்தது. ஃபிரட்டர்னிட்டி மட்டும்தான் இப்படி என்றும் எண்ணாதீர்கள். 2011 நவம்பரில் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சாம்பியன் அடிபட்டு இறந்தது புகழ்பெற்ற அவர்களுடைய அணிவகுப்பு இசைக்குழுவின் பஸ்ஸில். அந்தக் குழு மீண்டும் வாத்தியத்தைத் தொட 2013 ஆனது.

நடனக் குழுவின் வழக்கு அந்த அளவு இல்லை, கடவுள் புண்ணியம். தேங்காய்க்கும் சுவருக்கும் மட்டும் என்றால், என் அனுபவத்தில், ஒரு வருடம் கண்காணிப்பில் வைத்து, பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்லி விட்டிருப்பார்கள். ஆதாரத்தை அழித்தது தனிக் குற்றச்சாட்டாகச் சேர்ந்தது. குழுவுக்கு இரண்டு வருட இடைநீக்கம். தலைவனுக்கும் இரண்டு கேப்டன்களுக்கும் தனி நோட்டீஸ். குடி சம்பந்தப்பட்ட வழக்குகளில், உதவிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்களுக்குப் பல இடங்களில் மன்னிப்புச் சலுகை உண்டு; இவர்களும் கூப்பிட்டிருந்தால் அது மாதிரி ஏதாவது ஒன்றைக் கேட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

கேப்டன்களில் ஒருத்தி சென்னையிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவள். குழுவுக்கு வந்த தண்டனை விசாவைத் தொடாது. ஆனால் அவளுக்கே ஒரு செமஸ்டர் இடைநீக்கம் வந்தால், வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவு முடிக்கப்படும். ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். விசாரணைக்கு முன்னால் அவளிடம் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஹேசிங்கை நேரில் அறிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்பதையும் எஃப்-1 பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அவளுக்குக் கடைசியில் கண்காணிப்போடு முடிந்தது. அன்றைக்கு அவள் அப்பா போனில் அழுதார்.

முன்பெல்லாம் தனி மாணவரின் ஆவணத்துக்கு இருக்கிற ரகசியத்தைக் காட்டி, அமைப்பின் பெயரையும் பல இடங்கள் வெளியே விடாது. புதிய சட்டப்படி ஹேசிங் செய்ததாக முடிவான அங்கீகாரம் பெற்ற அமைப்பின் பெயர், நடந்தது என்ன, என்ன தண்டனை, தேதிகள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் வந்தாக வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும். பிள்ளை ஒரு சங்கத்தில் சேரப்போகிறேன் என்றால், பெற்றோர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய பக்கம் அது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கூட்டுத் தண்டனைமேல் எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை. செய்தவன் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான், செய்யாதவன் மேடை ஏற முடியாமல் நிற்பான்.

போன வருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இரண்டாம் ஆண்டு. இடைநீக்கம் முடிந்து, நடனக் குழுவை மறுபடி ஆரம்பிக்க விண்ணப்பிக்கிறாளாம். தேங்காய் நடந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறாள்.

“அங்கிள், ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு. அப்போதிலிருந்து உங்கள் அமைப்பில் என்ன மாறியிருக்கிறதுன்னு. அப்ப என்ன ஆச்சுன்னே எங்க யாருக்கும் தெரியாது. சீனியர்ஸ கேட்டா, அதெல்லாம் விடுன்னு சொல்றாங்க. நான் என்ன எழுதணும்?”

ஒழுங்கு அலுவலகத்துக்கு எழுதி அந்த முடிவுக் கடிதத்தின் நகலை வாங்கச் சொன்னேன். வந்ததும் எனக்கு அனுப்பினாள். ஆறு பக்கம். மூன்றாம் பக்கத்தில் தேங்காய் இருந்தது.