மறுசீரமைப்பு அல்ல, எண்ணிக்கை உயர்வு

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: "டாஸ்மேனியாவில் தொகுதி மறுசீரமைப்பு மூலம் உறுப்பினர்கள் 35 ஆயினர்." எத்தனை முறைதான் இதைத் திருத்துவது? ஆஸ்திரேலியாவின் அந்தத் தீவு மாநிலத்தில் எந்தத் தொகுதியையும் யாரும் சீரமைக்கவில்லை. பாஸ், பிராடன், கிளார்க், ஃபிராங்க்ளின், லயன்ஸ் என்று பழைய ஐந்து தொகுதிகள்தாம். தொகுதிக்கு 5 பேர் என்றிருந்ததை 2024 தேர்தலில் 7 ஆக்கினார்கள். 25 பேர் கொண்ட சட்டமன்றக் கீழவை 35 ஆனது. 1998இல் வெட்டிய பத்து இடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தொகுதிகளுக்கு எல்லை வகுப்பதை ஆங்கிலத்தில் 'டிலிமிட்டேஷன்' என்பார்கள். அதைத்தான் பலர் 'மறுசீரமைப்பு' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'லீமெஸ்': வயல்களுக்கு நடுவே ஓடும் வரப்பு, எல்லை. தமிழில் 'வரை' அந்த வேலையைச் செய்கிறது. கோடு கிழிப்பதும் வரைதல். 'இதுவரை' என்று எல்லை காட்டுவதும் அதே வரை. ஆகவே தொகுதி வரையறை. மீண்டும் செய்தால் மறுவரையறை. வரையறை என்றால் ஒரு சொல்லுக்குப் பொருள் வகுப்பது அல்லவா என்று கேட்பார்கள். பொருளுக்கு எல்லை கட்டுவதுதானே அதுவும்?

சீர் கெட்டதைத்தான் சீரமைப்போம்: குண்டும் குழியுமான சாலை, உடைந்த ஏரிக்கரை. தொகுதியில் என்ன பழுது? போகட்டும், அந்தச் சொல்லாவது சும்மா கிடந்ததா? மாநிலங்களைப் பிரிக்கும் சட்டங்களுக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம். 2019ஆம் ஆண்டின் ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்புச் சட்டம் பேரவை இடங்களை 107இலிருந்து 114 ஆக்கியது. பிறகு தொகுதி வரையறை ஆணையம் வந்து கோடு கிழித்து, கூடிய 7இல் ஜம்முவுக்கு 6, காஷ்மீருக்கு 1 என்று 2022இல் பங்கிட்டது. எண்ணிக்கையை உயர்த்தியது நாடாளுமன்றம், எல்லை போட்டது ஆணையம். நம் மொழிபெயர்ப்பாளர் கையில் இது "மறுசீரமைப்புச் சட்டப்படி மறுசீரமைப்பு ஆணையம் மறுசீரமைத்தது" என்று வரும். படிப்பவர் பாடு!

எல்லை மாறினாலே எண்ணிக்கையும் கூடிவிடும் என்ற மயக்கத்துக்கும் இந்தக் குழப்பம்தான் காரணம் என்பேன். 2008இல் தமிழ்நாட்டில் கோடுகள் மாறின. சென்னையில் புரசைவாக்கம் தொகுதி போனது, வேளச்சேரி வந்தது. பேரவையில் 1967 முதல் இருக்கும் 234 அப்படியே இருந்தது.

'தொகுதி விரிவாக்கம்' என்று எழுதுவோர் தனிக் கூட்டம். தொகுதிகள் கூடினால் மாநிலமா பெரிதாகும்? ஒவ்வொரு தொகுதியும் சுருங்கும். நடப்பதற்கு நேர் எதிரான சொல். 'அவை விரிவாக்கம்' என்றால் ஏற்கலாம்.

உறுப்பினர் கூடுவதற்கு 'உறுப்பினர் எண்ணிக்கை உயர்வு' போதும். நீளம்தான், ஆனால் பிழை இல்லை. மெய்ப்பில் அப்படியே திருத்தி அனுப்பினேன். அச்சில் உள்ளே திருத்தம் ஏறியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'டாஸ்மேனியா மறுசீரமைப்பு'. கேட்டால், தலைப்பில் இடம் போதவில்லையாம். 'இடங்கள் கூடின' என்று போட்டிருந்தால் மிச்சமே இருந்திருக்கும்.