எஃபிஷியன்சி: தமிழில் விளைதிறன்

"வால்வு செட்டா? அப்ப எஃபிஷியன்சி ஜாஸ்தியா இருக்கற ஸ்பீக்கர்தாங்க போடணும்." தருமபுரியில் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கக் கொண்டுபோனால் காதில் விழும் சொல் இது. வால்வு என்பது அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயரில் சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குமிழ்.

ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் எவ்வளவு ஒலியாக வெளியே வருகிறது என்பதே எஃபிஷியன்சி. வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் சூடாவதோடு சரி. இதைச் சதவீதத்தில் யாரும் அச்சடிப்பதில்லை. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளிச் சத்தத்தை அளந்தால் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அலகு) என்று போடுவார்கள். அதற்குப் பெயர் சென்சிடிவிட்டி. 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 குறைந்தால் பத்து மடங்கு, 20 குறைந்தால் நூறு மடங்கு.

பென்னாகரம் பக்கம் என் மாமா ரேடியோ செட் வைத்திருந்தார். புளியமரத்தில் கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, வால்வுக்குள் செம்மஞ்சளாகத் தணல் ஏறும்வரை அரை நிமிஷம் பொறுத்திருப்பார். பிறகு பாட்டு அடுத்த ஊர்வரை போகும். அந்தத் தைரியத்தில் நான் 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, 85 டெசிபெல் பெட்டியில் மாட்டினேன். நாதசுவரக் கச்சேரியில் தவில் ஏறும் இடமெல்லாம் கரகரப்பு. ஆம்ப்ளிஃபயர்மேல் குற்றமில்லை. குழாய் ஸ்பீக்கர் 105 டெசிபெல்லைச் சுலபமாகத் தொடும். அதில் 1 வாட் செய்கிற வேலைக்கு என் பெட்டி 100 வாட் கேட்கும். (குழாயில் அடித்தொனி வராது என்பது வேறு விஷயம்.)

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'செய்து முடித்தல், விளைவித்தல்' என்று பொருள். நம் இயற்பியல் பாடநூல்களில் பயனுறுதிறன், இலங்கையில் வினைத்திறன். சிக்கல் எங்கே என்றால், பவருக்கும் நாம் திறன் என்றே சொல்கிறோம். 'அதிகத் திறன் ஸ்பீக்கர்' என்றால் நிறைய வாட் தாங்குமா, கொஞ்ச வாட்டிலேயே உரக்கப் பாடுமா? இரண்டும் ஒன்றல்ல. சென்சிடிவிட்டியை உணர்திறன் என்பதும் மைக்குக்குப் பொருந்தும். ஸ்பீக்கர் எதை உணர்கிறது?

என் தேர்வு விளைதிறன். லத்தீன் வேருக்கும் அதுதான் கிட்டே நிற்கிறது. ராகி விதைக்கிற ஊரில் விளக்கவும் வேண்டாம்: வாட் விதை, சத்தம் மகசூல்.

ஒலிபெருக்கி என்ற பெயரிலும் இதே குழப்பம் உண்டு. ஒகேனக்கலில் ஆடிப்பெருக்கு என்றால் தண்ணீர் பெருகுகிறது. புளியமரத்துக் குழாய் எதையும் பெருக்குவதில்லை. பெருக்குவது கீழே இருக்கும் ஆம்ப்ளிஃபயர். ஆனால் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை' என்று போலீஸ் அறிவிப்புவரை போய்விட்ட சொல்லை இனி யார் மாற்றுவது?